மாப்ளைக்கு, ஜப்பானியத் தங்கும் விடுதிகள் பற்றி

ஒசாகா

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி. இங்கே மகளும் மருமகனும் நலம். பேரனுக்குத் தமிழைவிட ஜப்பானியம் முந்திக்கொண்டு வருகிறது. ராத்திரி கதை சொல்லும்போது மட்டும் தமிழில்தான் பேச வேண்டும் என்று உங்கள் தங்கச்சி கறாராக இருக்கிறாள்.

கொடைக்கானலில் விடுதி கட்டுகிற ஒருவர் உன் மரக்கடைக்கு வந்து, ஜப்பான் பாணியில் கதவும் தடுப்பும் தேக்கில் வேண்டும் என்று போனில் படம் காட்டினார் என்றாய். அசல் எப்படி இருக்கும், பார்த்து எழுது என்று கேட்டாய். நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய். போன மாதம் மகள் எங்களைக் கினோசாகிக்கு அழைத்துப் போனாள். ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற வெந்நீர் ஊற்று ஊர். அங்கே ஒரு ரியோகானில், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதியில் தங்கினோம். பார்த்ததையும் அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த அறை தரையிலிருந்துதான் தொடங்குகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படி ஏறினால் மரத்தரை. அறைக்குள் ததாமிப் பாய், அதில் வெறுங்காலோ காலுறையோதான். அறையின் அளவையே எட்டுப் பாய், பத்துப் பாய் என்றுதான் சொல்கிறார்கள். கியோட்டோப் பாய் ஏறக்குறைய 191க்கு 95.5 சென்டிமீட்டர், டோக்கியோப் பக்கத்துப் பாய் 176க்கு 88. கியோட்டோ முறையில் பாயை வைத்துத்தான் தூணுக்குத் தூண் இடைவெளியை முடிவு செய்வார்களாம். மனிதன் படுக்கிற அளவிலிருந்து ஒரு கட்டடமே பிறக்கிறது என்பது எனக்கு மலைப்பாக இருந்தது.

பாயின் மேல்விரிப்பு இகுசா என்ற புல்லில் முடைந்தது. நம் பத்தமடைக் கோரை வேறு செடிதான், ஆனாலும் அங்கே பாய் முடைகிறவர் யாராவது இதைப் பார்த்தால் உடனே குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார். ஜப்பானில் விளைகிற இகுசாவில் பெரும்பகுதி குமமோத்தோவின் யாட்சுஷிரோ பகுதியிலிருந்து வருகிறது. அறுத்த கையோடு களிமண் கரைத்த நீரில் முக்கி எடுத்துக் காயவைக்கிறார்கள். பாயின் நிறமும் வாசனையும் அதனால்தான் நிற்கின்றன. புதுப்பாய் பச்சையாக இருக்கும், வருஷம் போகப்போக வைக்கோல் நிறத்துக்கு வரும். தேய்ந்தால் மேல்விரிப்பைக் கழற்றிப் புரட்டிப் போடுகிறார்கள். அந்தப் பக்கமும் தேய்ந்தால் விரிப்பை மட்டும் மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கிற வைக்கோல் மெத்தை அதற்கப்புறமும் நெடுநாள் உழைக்கிறது.

நின்று பார்த்தால் அந்த அறையில் ஒன்றுமே இல்லை. கட்டில் இல்லை, நாற்காலி இல்லை, தாழ்வான ஒரு மேசை மட்டும். உட்கார்ந்ததும் எல்லாம் இடத்துக்கு வருகிறது. தோட்டத்துக் கல், சின்ன மேப்பிள் மரம், ஜன்னலின் கீழ்விளிம்பு எல்லாமே தரையில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கு என்று வைத்தவை. சாயங்காலம் அதே அறையில் சாப்பாடு. பிறகு பணிப்பெண் வந்து மேசையை ஓரமாக நகர்த்திப் படுக்கை விரித்துவிட்டுப் போகிறார்.

சுவரில் ஒரு பக்கம் உள்வாங்கிய மாடம் உண்டு, தொகொனோமா என்பார்கள். ஒரு தொங்கு சித்திரம், ஒரு பூ, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் நிற்கிற தூணைப் பார்த்ததும் உன் நினைப்புதான் வந்தது. கியோட்டோவுக்கு வடக்கே கிடயாமா மலைகளில் இதற்கென்றே சுகி என்ற ஊசியிலை மரம் வளர்க்கிறார்கள். கிளைகளை அவ்வப்போது கழித்துக் கணு விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வெட்டியபின் பட்டையை உரித்து, மணல் போட்டுக் கையாலேயே தேய்த்து மெருகேற்றுவது பழைய முறை. சில மரங்களில் வெட்டுவதற்கு முன்பே சிம்புகளைச் சுற்றி இறுகக் கட்டிவிடுவார்கள். மரம் பருக்கும்போது அந்த இடங்கள் அழுந்தி நெடுக வரி வரியாகப் பள்ளம் விழும். வார்னிஷ் கிடையாது, பாலிஷ் கிடையாது. இழைப்புளி போன தடம்தான் கடைசி வேலை. அதையும் இங்கே தள்ளுவதில்லை, தன் பக்கமாக இழுத்துத்தான் இழைக்கிறார்கள், தெரியுமா?

இந்த எளிமை ஏழ்மையால் வந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர்க் கலை ஆசான் தேநீர்ச் சடங்குக்கு மண்சுவரும் மூங்கிலும் வைத்துச் சின்னச் சின்ன அறைகளை அமைத்தார். அவருடையது என்று சொல்லப்படுகிற தையான் என்ற தேநீர் அறை இன்னும் கியோட்டோவுக்கு அருகே நிற்கிறது, இரண்டே பாய் அளவு. அந்த ரசனைதான் வீடுகளுக்கும் பிறகு விடுதிகளுக்கும் வந்தது. விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை என்பது பொருளைக் குவிப்பதில் இல்லை, அவருக்காக எதையெல்லாம் யோசித்து விலக்கினோம் என்பதில் இருக்கிறது என்ற எண்ணம் அதில் ஊறிக் கிடக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது காகிதக் கதவு. ஷோஜி என்கிற அந்த நகரும் கதவின் மரச்சட்டத்தில் ஒட்டுகிற காகிதத்தை, கொசோ என்ற செடியின் பட்டை நாரிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். வெளிச்சத்தை வடிகட்டி அறை முழுக்கப் பரப்பிவிடுகிறது. ஒட்டுவது வெறும் மாவுப் பசையால். தண்ணீர் தொட்டுத் தடவினால் பசை இளகிக் காகிதம் கழன்று வந்துவிடும். வருஷக் கடைசியில் பழையதை உரித்துப் புதுக்காகிதம் ஒட்டுவது வீடுகளிலும் பழக்கம். கழலக் கூடாது என்று நாம் பசை தேடுவோம், இவர்கள் கழல வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள்!

மாப்ளே, இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. இயற்கைப் பொருள் என்றால் நீடித்து உழைப்பது என்று நாம் நினைக்கிறோம். இந்த விடுதிகளில் பாய், காகிதம், மண்பூச்சு, குளியல் தொட்டி எல்லாமே சீக்கிரம் தேய்பவை. தேய்வது தெரிந்தே, மற்றதைக் கலைக்காமல் அதை மட்டும் கழற்றி மாற்றும்படி கட்டியிருக்கிறார்கள். யமனாஷியில் இருக்கிற கெய்யுன்கான் என்ற விடுதி 705இல் தொடங்கியது, இஷிகாவாவின் ஹோஷி விடுதி 718இல். இன்று அங்கே நிற்கிற மரம் எதுவும் அந்தக் காலத்து மரம் இல்லை. தொழிலும் முறையும்தான் தலைமுறை தலைமுறையாகக் கை மாறி வந்திருக்கின்றன.

கினோசாகியும் அப்படித்தான். 1925இல் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரையே அழித்துவிட்டன. தெருவை அகலப்படுத்தினார்கள், ஆற்றங்கரையைக் கல்லால் கட்டினார்கள், ஆனால் விடுதிகளைத் திரும்பவும் மரத்தில்தான் எழுப்பினார்கள். ரயில் நிலையம் வாசல், தெரு தாழ்வாரம், விடுதி படுக்கையறை, ஊர்ப் பொதுக் குளியலகங்கள் குளியலறை என்று முழு ஊரையும் ஒரே விடுதியாகப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட குளியலகங்கள் பல. யுகாதா என்கிற பருத்தி அங்கியும் மரச்செருப்பும் போட்டுக்கொண்டு நாங்களும் ஒவ்வொன்றாக நடந்தோம். நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியல் வைக்கப்போக, ஊரே எதிர்த்து வழக்கு நடந்து, 1950இல்தான் சமரசமானதாம். அதனால் உள் குளியலறைகள் இன்றும் சிறியவைதான். கட்டடக் கலைஞர் வரைந்ததைவிட ஊர்ப் பழக்கம் வரைந்தது அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

ஹினோகி என்ற ஊசியிலை மரத்தைப் பற்றி ஒரு சேதி, உனக்கென்றே வைத்திருந்தேன். குளியல் தொட்டிக்கு இதைத்தான் விரும்புகிறார்கள். வெந்நீர் பட்டதும் அறை முழுக்க மணக்கும். ஹொரியூஜி என்ற பழமையான புத்தர் கோயிலின் பழைய மரங்களைச் சோதித்த ஆய்வாளர் கொஹரா ஜிரோ, வெட்டிய பிறகு சுமார் 200 ஆண்டுவரை ஹினோகியின் வலு கூடிக்கொண்டே போய், பிறகுதான் மெல்லக் குறைகிறது என்று கண்டார். அந்தக் கோயில் தச்சர்களிடம் ஒரு சொல் வழக்கு உண்டு, ‘மரத்தை வாங்காதே, மலையை வாங்கு’ என்று. எந்தச் சரிவில் வளர்ந்தது என்று தெரியாமல் மரத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியாது என்பார்கள். உங்கள் அப்பா லோடு வந்து இறங்கும்போதெல்லாம் எந்த மலை என்று கேட்பாரே.

வருத்தமும் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் எண்பதாயிரத்துக்கும் மேல் இருந்த ரியோகான்கள் 2010களின் கடைசியில் நாற்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. இருப்பவற்றிலும் பல, பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்த காலத்தில் எழுப்பிய கான்கிரீட் கட்டடங்கள். வைக்கோல் மெத்தைக்குப் பதில் நுரைப் பலகை, இகுசாவுக்குப் பதில் பிளாஸ்டிக் இழை வந்துவிட்டன. தச்சர்கள் 1980இல் ஒன்பது லட்சத்துக்கும் அதிகம், 2020இல் மூன்று லட்சத்துக்கும் குறைவு. கழற்றி மாட்டுகிற கை இல்லாவிட்டால், கழற்றக்கூடியதாகக் கட்டியும் பயனில்லை.

ஆகவே உன் வாடிக்கையாளரிடம் இதைச் சொல். தேக்குச் சட்டத்தில் பாலியஸ்டர் தாள் ஒட்டினால் அது படத்தில் இருப்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். கொடைக்கானல் பக்கத்தில் என்ன மரம் சட்டப்படி கிடைக்கிறது, அவ்வளவு ஈரத்தில் அது எப்படி நடந்துகொள்ளும், வருஷா வருஷம் வந்து பழுது பார்க்க எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கச் சொல். அவர் அறையில் கட்டிலும் நாற்காலியும்தான் போடப்போகிறார் என்றால் ஜன்னலை அந்த உயரத்துக்கே வைக்கட்டும், ஜப்பானை விட்டுவிடட்டும். அதற்குப் பிறகும் நகரும் கதவு வேண்டும் என்றால் நான் அளவெடுத்து வரைந்து வைத்திருப்பதை அனுப்புகிறேன். மேல் காடி ஆழமாகவும் கீழ்க் காடி மேலோட்டமாகவும் இருக்கும். தூக்கினால் கதவு கையோடு வந்துவிடும், ஆணி திருகு எதுவும் கிடையாது. நீ பார்த்தாலே புரிந்துகொள்வாய்.

உன் பட்டறையில் இப்போது எத்தனை ஆசாரிகள் இருக்கிறார்கள்? பெரியவன் கடைப் பக்கம் வருகிறானா, இல்லை பெங்களூரிலேயே இருந்துவிடுவானா? விவரமாக எழுது. அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

உன் மச்சான்