கிளினிக்ல சீனி பாக்குறீங்க, மனசையும் ஒருக்காக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சீனி வருத்தம், பிரசர், நெஞ்சு வருத்தம் எண்டு மாசா மாசம் கிளினிக் போற ஆக்களிட்ட மனசு எப்பிடி இருக்கு எண்டு ஆரும் கேக்குறதில்ல, அதப்பத்தித்தான் எழுதுறன். களுவாஞ்சிகுடியில இருந்து கல்முனை வரைக்கும் வயசான ஆக்கள் இருக்கிற வீடுகள்ள கிளினிக் கொப்பி ஒண்டாவது கிடக்கும். சீனி, பிரசர், நிறை எல்லாம் அதுல இருக்கும், மனசப்பத்தி ஒரு வரி இருக்காது.

என்ட பெரியம்மாவுக்குச் சீனி. பெரியப்பா மோசம் போனதுக்குப் பிறகு அது இறங்கவேயில்ல, கிளினிக்ல குளிசையக் கூட்டிக் கூட்டிக் குடுத்தாங்க, கடைசியில இன்சுலின் எண்டாங்க. அவ குளிசையே ஒழுங்காப் போடல்ல, நினைச்சா சாப்பிடுவா இல்லாட்டி படுத்துக் கிடப்பா, இனி ஆருக்காக இருக்கிற எண்டு இருந்திருக்கா. கிளினிக்ல ஒரு மிஸ்ஸி, தாதிதான், பக்கத்துல இருத்தி ஆறுதலாக் கேட்டபிறகுதான் அவ வாய் திறந்தா.

சீனி வருத்தக்காரருக்கு மனச்சோர்வு மத்த ஆக்கள விடக் கூடுதலா வரும். மன அழுத்தத்துல சுரக்கிற ஹோர்மோனும் சீனிய ஏத்தும். மாரடைப்பு வந்த ஆக்களுக்கு மனச்சோர்வும் சேந்தா ஆபத்துக் கூட எண்டு அமெரிக்க இதய சங்கம் 2014லயே சொல்லிட்டு.

கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். களைப்பு, நித்திரை இல்லாமை, பசி இல்லாமை எல்லாம் வருத்தத்தாலயும் வரும் மனச்சோர்வாலயும் வரும், எது எதால எண்டு எப்பிடிப் பிரிக்கிற? இதுக்காகவே 1983ல உடம்புக் குணங்குறிகள விட்டுட்டு மனசமட்டும் கேக்குற 14 கேள்வி செஞ்சாங்க, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கெண்டே.

நெஞ்சடைப்பு, உடம்பெரிவு, கைகால் உளைவு எண்டு போற பொம்புளைகளுக்கு ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாத்துட்டு ஒண்டுமில்ல யோசிக்காம இருங்க எண்டு அனுப்புறாங்க, இத நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் வருது. அந்த நோ உண்மையான நோ, ரிப்போட்ல காணல்ல எண்டதுக்காக அது நடிப்பில்ல. ரிப்போட் நல்லா இருந்தாலே மனவருத்தம் எண்டு முடிவு கட்டவும் ஏலாது, மனசுல என்ன இருக்கெண்டு கேட்டுத்தான் அதையும் கண்டுபிடிக்கணும்.

மறுபக்கமும் இருக்கு. தைரொயிட் குறைஞ்சாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். மெட்போமின் எண்ட சீனிக் குளிசைய கனகாலம் போடுற ஆக்களுக்கு பி12 எண்ட விற்றமின் குறையலாம், அதாலயும் மனசு சோரும், மறதி வரும். வயசான ஆக்கள் திடீரெண்டு ஆள் தெரியாமப் பேசினா அது சிறுநீர்க் கிருமியாக்கூட இருக்கலாம், அதப் பேய் எண்டு பார்வை பாக்கக் கூட்டிப் போயிட்டு நாளக் கடத்துறாங்க. அதால உடம்பையும் மனசையும் ஒண்டாத்தான் பாக்கணும், முதல் நாள்ள இருந்தே.

பெரிய செலவு ஒண்டும் தேவையில்ல. பிரசர் பாக்குற நேரமே ரெண்டு கேள்வி கேக்கலாம்: போன ரெண்டு கிழமையா மனசு சோந்து, நம்பிக்கை இல்லாம இருந்திச்சா? செய்யிற வேலையில விருப்பமோ சந்தோசமோ இல்லாமப் போச்சா? உலகம் பூரா டொக்டர்மார் கேக்குற கேள்விதான். ஓம் எண்டா அதோட முடிவெடுக்கக்கூடாது, விபரமாக் கேட்டு, சாகணும் எண்ட யோசனை வருதா எண்டும் கேட்டு, தேவையெண்டா மனநல கிளினிக்குக்குத் துண்டு குடுக்கணும். ஒரு திரையாவது போட்டுக் கேளுங்க, பின்னால வரிசையில சனம் நிக்க, பக்கத்துல மருமகள் நிக்க எந்த மாமியாரும் மனசத் திறக்க மாட்டா.

2004 சுனாமியில இலங்கையிலேயே கூடுதலா சனம் செத்தது அம்பாறை மாவட்டத்துலதான். அண்டைக்குப் பிள்ளைகளக் குடுத்த தாய்மார்தான் இண்டைக்கு அந்தக் கிளினிக் வாங்குகள்ள இருக்கிறாங்க, அவங்களிட்டயாவது கேக்க வேணாமா?

மட்டக்களப்பு, கல்முனை சுகாதாரப் பணிப்பாளர்மார் கிளினிக் கொப்பியில இந்த ரெண்டு கேள்விக்கும் இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லணும். நீங்களும் உங்கட மருத்துவப் பக்கத்துல இந்தக் கேள்விகளப் போடுங்க, பக்கத்துல 1926 எண்ட மனநல உதவி நம்பரையும் பெரிசாப் போடுங்க.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடி வாசகி