ட்ரெண்ட் ஆற்றங்கரைக் காசித்தும்பை

நாட்டிங்காம், இங்கிலாந்து
அக்டோபர் 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இத்தனை வருடம் கரும்பலகை முன்னால் நின்ற கால் அது. மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் சுமப்பதை மட்டும் வேறு யாரிடமாவது விட்டுவிடு. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். சின்னவளுக்கு 14 ஆகிறது, என் வேலை மேசையில் பாதியை அவள் பிடித்துக்கொண்டாள்.

மேசைமேல் சின்ன வீரர் பொம்மைகளை நகர்த்தி ஆடுகிற அந்தப் பொம்மைச் சண்டையை இன்னும் ஆடுகிறாயா என்று கேட்டிருந்தாய். ஆடுகிறேன், முன்னைவிட அதிகமாகவே. இந்த ஊரில் இருந்துகொண்டு அதை விடவும் முடியாது. வார்ஹாமர் என்ற பொம்மைச் சண்டை விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கே லெண்டனில்தான். சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரிச் சின்னப் பொம்மைகள் செய்கிற கம்பெனிகள் இன்னும் பல இருக்கின்றன. ஒரு காலத்தில் எல்லாம் ஈயத்தில் வார்த்ததால் இந்தப் பகுதியையே ‘ஈய வட்டாரம்’ என்று விளையாடுகிறவர்கள் சொல்வார்கள். நான் இப்போது ஆடுவது ஸ்டார்கிரேவ் என்ற விண்வெளி விளையாட்டு. 2021-ல் வந்தது. ஒரு கேப்டன், ஒரு துணைக் கேப்டன், எட்டு வீரர்கள், அவ்வளவுதான் ஒரு அணி. மூன்றடிக்கு மூன்றடி மேசையில் ஏதோ ஒரு கிரகம். அங்கே கிடக்கிற பொருட்களை எதிரணிக்கு முன்னால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 20 முகப் பகடை. இதற்கு மேல் விதிகளைச் சொல்லி உன்னைப் படுத்தவில்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்த மேசையில் வைக்க நான் செய்கிற செடிகளைப் பற்றி. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரெண்ட் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கரை நெடுக ஆளுயரத்துக்கு மேல் ஒரு செடி, இளஞ்சிவப்புப் பூ. காய்கள் பச்சையாக, பருத்து, நுனி கூராக இருந்தன. சும்மா ஒன்றைத் தொட்டேன். பட்டென்று வெடித்து விதைகள் சட்டையில் தெறித்தன. கையில் மிச்சமிருந்த தோல் புழு மாதிரிச் சுருண்டது. எனக்கு உடனே உங்கள் வீட்டுக் கொல்லைதான் ஞாபகம் வந்தது. கிணற்றடியில் அத்தை வளர்த்த காசித்தும்பை. காய் முற்றக் காத்திருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து, நீயும் நானும் விரலால் நசுக்கி வெடிக்க விடுவோமே, அதே சுருள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே குடும்பம். இமயமலையிலிருந்து 1839-ல் தோட்டத்துக்காகக் கொண்டுவந்தார்களாம். இப்போது நாடு முழுக்க ஆற்றங்கரைகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விதையை 7 மீட்டர் வரை எறியுமாம்.

அன்றைக்குத்தான் எனக்கு நான் செய்துகொண்டிருந்த தப்பு புரிந்தது.

வசந்தகாலத்தில் ஆட்ட மேசைக்காக நான் ‘விஷ மரம்’ என்று நாலு செய்திருந்தேன். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கிளையெல்லாம் முள், நடுவில் ஒரு வாய். மூன்று இஞ்சுக்குள் யார் வந்தாலும் பகடை உருட்ட வேண்டும், 5-க்குக் கீழே விழுந்தால் ஆள் காலி. கிளப்பில் முதல் ஆட்டத்திலேயே ஒரு பையனின் கேப்டன் முதல் சுற்றில் செத்துப்போனான். அவன் எந்தத் தவறும் செய்யவில்லை, நடந்தான், அவ்வளவுதான். மிச்ச இரண்டு மணி நேரமும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த மரத்துக்கும் தரையில் இருக்கிற ஒரு குழிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. செடி என்றால் அது ஒரு காரணத்தோடு ஒன்றைச் செய்ய வேண்டும். தொட்டால் வெடிக்கிறது என்றால் விதை பரவ வேண்டும் என்பதற்காக வெடிக்கிறது. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால், ஆடுகிறவன் அதற்குத் தகுந்தபடி யோசிப்பான், பயப்படுவான், சில சமயம் அதையே ஆயுதமாக்குவான். வேற்றுக்கிரகச் செடிக்கும் நம் கொல்லைச் செடிதான் வாத்தியார் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் காசித்தும்பையையே செய்தேன். காய்க்கு ஏலக்காய். சிரிக்காதே, 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மை ஆள் பக்கத்தில் ஒரு ஏலக்காயை வைத்துப் பார், இடுப்பளவு காய் தயார். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊறப்போட்டு, இரண்டு நாள் காயவைத்தேன். இல்லாவிட்டால் பூச்சி வந்துவிடும். காம்புக்கு மெல்லிய கம்பி. அடியில் ஒரு பழைய சிடி, அதன்மேல் பசை தடவி மணல். சின்னவள் ஒரு ஏலக்காயைப் பிளந்து தோலைச் சுருட்டி ஒட்டினாள், வெடித்து முடிந்த பாத்திக்கு அடையாளமாக. அது என் மூளையில் உதிக்கவே இல்லை. தூரக் கணக்கையும் கேள்: 28 மில்லிமீட்டர் ஆள் என்றால் ஏறக்குறைய 60-ல் ஒரு பங்கு. 7 மீட்டர், மேசையில் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நாலரை இஞ்ச். நான் நாலு என்று வைத்துக்கொண்டேன். பாத்திக்குக் குறுக்கே சுட்டுக் குறி தவறினால் காய்கள் வெடிக்கும், நாலு இஞ்சுக்குள் இருக்கிற எல்லோருக்கும் அடி விழும், நண்பன் எதிரி என்று பார்க்காது. ஒரு தரம் வெடித்தால் அந்த ஆட்டத்துக்கு அந்தப் பாத்தி முடிந்தது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. நீ பதினோராம் வகுப்புக்கு நடத்துவாயே, வீனஸ் பூச்சிப்பொறி, கரோலினா சதுப்பு நிலத்துச் செடி. அதன் ஒவ்வொரு மடலிலும் சில மெல்லிய உணர்மயிர்கள். ஒரு தரம் தொட்டால் மூடாது. 20 நொடிக்குள் இரண்டாம் தரம் தொட்டால்தான் மூடும், அதுவும் நொடியில் பத்தில் ஒரு பங்கில். மழைத்துளிக்கெல்லாம் ஏமாந்து மூடிக்கொள்ளாமல் இருக்க அது எண்ணுகிறது. ஒரு செடி எண்ணுகிறது, மாப்ள! இதைவிட நல்ல விதியை நான் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது. மேசையில், இரண்டு இஞ்சுக்குள் யார் போனாலும் அந்தச் செடியின் காலடியில் அடையாளமாக ஒரு பாசிமணி வைக்க வேண்டும். அதே சுற்றில் இரண்டாவது ஆள் வந்தால் பொறி அவனைப் பிடிக்கும். சுற்று முடிந்தால் மணியை எடுத்துவிடலாம்.

இதை எப்படிச் செய்தேன் என்று விவரமாகச் சொல்கிறேன், உன் மாணவர்களுக்கும் செய்துகாட்டலாம். பிஸ்தா ஓடு. ஒரே பருப்பின் இரண்டு ஓடுகளையும் ஜோடியாக எடுத்து வை, வேறு வேறு ஜோடி என்றால் விளிம்பு பொருந்தாது. உப்புப் போட்ட பிஸ்தா என்றால் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், உப்பு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. ஓட்டின் விளிம்பில் துளை போட முயன்றேன், விரிசல் விட்டுவிட்டது. அதனால் பழைய நைலான் பிரஷ்ஷின் மயிரை ஒரே அளவாக வெட்டி, ஓட்டின் உள்பக்கமாக ஃபெவிக்விக் மாதிரிப் பசையால் வரிசையாக ஒட்டினேன். ஒட்டின இடம் அசிங்கமாகத் தெரியும். அதன்மேல் இரண்டு நிற மாவைச் சேர்த்துப் பிசைகிற எபாக்ஸி மாவை மெல்லியதாகத் தடவி, ஈரமான ஊசியால் இழுத்து ஈறு மாதிரி ஆக்கினேன். ஊசியில் ஈரம் இல்லாவிட்டால் மாவு கூடவே வந்துவிடும். நடுவில் மூன்றே மூன்று மயிர். உள்பக்கம் கறுஞ்சிவப்பு, கடைசியாகப் பளபள வார்னிஷ். அந்த வார்னிஷ் போட்டதும் ஓடு சதையாக மாறிவிட்டது. சின்னவள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது இங்கேயே இருக்கிற ஒரு கெட்ட செடி, ராட்சத ஹாக்வீட். காகசஸ் மலையிலிருந்து 19-ம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்தது. 5 மீட்டர் வரை வளரும், கொத்தமல்லிப் பூவைக் குடையளவு பெரிதாக்கினால் எப்படி, அப்படிப் பூ. அதன் சாறு தோலில் பட்டு, அப்புறம் வெயிலும் பட்டால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். சாறு மட்டும் என்றால் தெரியாது, வெயில் வேண்டும். மின்சார ஒயரின் தோலை உரித்துச் செம்பு இழைகளை முறுக்கி, மேலே குடையாக விரித்து, நுனிகளைப் பசையில் தோய்த்துக் கசகசாவில் புரட்டினேன். எட்டு சென்டிமீட்டர் உயரம், கணக்குப்படி சரி. விதி: இதைத் தொட்டவன் மேல் ஒரு வெள்ளை வளையம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அவன் சுவரோரமோ பாறையோரமோ, ஏதாவது ஒரு நிழலில் நிற்க வேண்டும். வெட்டவெளியில் நின்றால் அடி.

ஒரு நஷ்டமும் நடந்தது. இந்தச் செடிகளுக்கு மேடாக வைக்கத் தெர்மோகோலில் ஒரு குன்று செதுக்கினேன், மூன்று சாயங்கால வேலை. அவசரத்தில் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். அதில் இருக்கிற கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிட்டது, கண் முன்னால் குழி குழியாக உள்வாங்கியது. முதலில் வெள்ளைப் பசையை முழுக்கப் பூசிக் காயவைத்த பிறகுதான் ஸ்ப்ரே. யாராவது கேட்டால் முதலில் இதைச் சொல். அதே மாதிரி, மீன்தொட்டி பிளாஸ்டிக் செடிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கினால் சோப்பு போட்டுக் கழுவாமல் பெயின்ட் அடிக்காதே, வளைத்தவுடன் உரிந்து வரும்.

நிறத்தில்தான் ரொம்ப நாள் தயங்கினேன். பச்சை அடித்தால் அது பூமி. சிவப்பான, மங்கலான நட்சத்திரத்தைச் சுற்றுகிற கிரகத்தில் செடி கிடைக்கிற ஒளியையெல்லாம் விடாமல் உறிஞ்ச வேண்டியிருக்கும், அதனால் கறுப்பாகக்கூட இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்வதைப் படித்திருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்? நான் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒன்றைக் கலந்தேன். ஆனால் மேசையில் கறுப்புச் செடி கண்ணில் படவே இல்லை. கண்ணில் படாத ஆபத்து மறுபடியும் அந்தக் குழிக் கதைதான். அதனால் தொட்டால் ஆபத்தான பாகத்துக்கு மட்டும், காயின் நுனி, பொறியின் விளிம்பு, குடையின் மேல்பக்கம், ஆரஞ்சு நிறம். ஆரஞ்சைப் பார்த்தால் யோசி என்று ஆட்டத்துக்கு முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். செவ்வாய்க்கிரகத்துக்காரர்களோடு ஒரு சிவப்புக் களையும் பூமிக்கு வந்து ஆறுகளை அடைத்துக்கொள்வதாக 1898-ல் வந்த நாவலில் எழுதினாரே எச்.ஜி. வெல்ஸ், அதே மனிதர்தான் 1913-ல் வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுகிற சண்டைக்கு விதிப் புத்தகமும் எழுதினார். களையும் பொம்மைச் சண்டையும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. ஆனால் இரண்டையும் அவர் ஒரே மேசையில் சேர்த்ததாகத் தெரியவில்லை. அதை நான் செய்கிறேன் என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை மூன்றையும் இறக்கினோம். எனக்கு எதிரே அதே பையன், கேப்டனை இழந்தவன். பொறிக்குப் பின்னால் ஒரு பெட்டி. அவன் தன் வீரன் ஒருவனைப் பொறிக்குப் பக்கமாகவே நடத்திப் பெட்டியை எடுத்தான், மணி விழுந்தது. பெட்டி சுமக்கிறவன் மெதுவாகத்தான் போக முடியும், என் துணைக் கேப்டன் துரத்தினால் பிடித்துவிடலாம். ஆனால் நேர்வழியில் போனால் இரண்டாவது மணி என்னுடையது. அவன் அதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறான். சுற்றிப் போனேன், அங்கே ஹாக்வீட். உரசிக்கொண்டு போனதில் வெள்ளை வளையம் மாட்டியது, கன்டெய்னர் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு நகர வேண்டியதாகிவிட்டது. கடைசியில் ஆத்திரத்தில் காசித்தும்பைக்குக் குறுக்கே சுட்டேன், தவறியது, அவனுடைய ஆள் இரண்டு பேரும் என்னுடைய ஆள் ஒருவனும் விழுந்தார்கள். பெட்டி அவனுக்குத்தான். அவன் எழுந்து நின்று கத்தினான். பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். “அந்த எண்ணுகிற செடி எங்கே?” என்று கேட்டு அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. நாலாவது செடியாகத் தொட்டாற்சிணுங்கியை யோசிக்கிறேன். இலை மூடுவது மட்டும் போதாது, அது ஆட்டத்தில் எதையாவது மாற்ற வேண்டும். ஒரு பெரிய புதர், யாராவது தொட்டால் மடிந்துகொள்ளும், அதுவரைக்கும் அதன் பின்னால் ஒளிந்திருந்தவன் வெளியே தெரிந்துவிடுவான் என்று வைத்தால்? திரும்ப விரிய எத்தனை சுற்று வைக்கலாம்? நிஜத்தில் எத்தனை நிமிடம் ஆகிறது, அடுத்தடுத்துத் தொட்டுக்கொண்டே இருந்தால் பழகிப்போய் மூடாமல் விட்டுவிடுகிறதா? உன் மாடியில் தொட்டி ஒன்று இருக்கிறதே, ஒரு நாள் காலையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்து எழுது. பிஸ்தா பொறியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அத்தையிடம் காட்டு, காசித்தும்பை பாத்தியையும் சேர்த்து. நாங்கள் காயையெல்லாம் நசுக்கிவிட்டோம் என்று அன்றைக்குத் துரத்தி வந்தாரே, அந்த விதைகளுக்கு இவ்வளவு நாள் கழித்து இங்கே ஒரு பாத்தி போட்டிருக்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
உன் மச்சான்