பென்சில் புள்ளி

விளாங்குடி, மதுரை
2.2.2026

அன்புள்ள கருணாவுக்கு,

ஆடி மாதம் நீ போட்ட கடிதத்துக்குத் தை மாதம் பதில் எழுதுகிறேன். திட்டு. கடன் வாங்கினவன் மாதிரி உன் போனையும் எடுக்காமல் இருந்தேன், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

முதலில் நல்ல சேதி. நான் தாத்தா ஆகிவிட்டேன். பேரன். மாட்டுப் பொங்கலன்று, பாலமேட்டில் வாடிவாசல் திறந்திருந்த நேரத்தில் பிறந்தான். ஆபரேஷன்தான். தாயும் பிள்ளையும் நலம். "காளை பிறந்திருக்குடா" என்று சுந்தரம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினான், நர்ஸ் வந்து அதட்டினார். அவன் எங்கே திருந்தப்போகிறான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோரிப்பாளையம் டீக்கடைப் பாக்கி மட்டும் அப்படியே இருக்கிறது, அது உன் கணக்கு.

இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது வேறு.

பிரசவமாகி நான்காம் நாள், திங்கட்கிழமை காலை. தையல் வலியில் மகளால் ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியவில்லை. பத்தியச் சோறு கொண்டுவர என் சம்சாரம் வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் ஈரத் துணியுமாக நிற்கிறார், அவர் போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன். அவர் வேலை பார்க்கும் வண்டி ஷோரூம் மேனேஜர். ஜனவரி டார்கெட் இருக்கிறது, பொங்கலுக்கு புக் ஆன வண்டி எல்லாம் டெலிவரிக்கு நிற்கிறது, எப்போது வருகிறீர்கள் என்றார். "சார், இன்னும் ரெண்டு நாள்..." என்று இவர் இழுத்தார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை பெத்தது உங்க சம்சாரம்தானே தம்பி? நீங்க ஏன் படுத்துக் கிடக்கீங்க?"

மாப்பிள்ளையும் சிரித்தார். வேறு என்ன செய்வார்? பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டுப் பதினோரு மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கருணா, அந்தப் பேச்சு என்னுடையது. நிதி நிறுவனத்தில் ஆபீஸ் மேனேஜராக இருந்த காலத்தில், லீவு கேட்டு வந்த பையன்களிடம் நான் சொன்னது. அதே சிரிப்போடு. எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்கிறேன், முகங்கள் வருகின்றன, பெயர்கள் வரவில்லை.

அது மட்டும் என்றால் இவ்வளவு காகிதத்தை வீணாக்க மாட்டேன்.

2017-ல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்களே, அன்று நீ கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டுக் குதித்தாய். "1961-ல போட்ட சட்டம்டா, இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்கு" என்றாய். நானும் ஆமாம் போட்டேன். அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆறு மாசம் உக்கார வச்சுச் சம்பளம் குடுக்க நான் என்ன சத்திரமா நடத்துறேன்?" என்றார். இன்னதைச் செய் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் சொல்லாமலே புரியுமே, அதற்குத்தானே அந்த நாற்காலி.

அதற்கப்புறம் வேலை கேட்டு வரும் பெண்களிடம் ஊர், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டுப் பேச்சுவாக்கில், "கல்யாணம் ஆயிருச்சாம்மா? வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்பேன். புதுக் கல்யாணம் என்றால் விண்ணப்பத்தின் வலது மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. பேனா இல்லை. பென்சில் என்றால் அழிக்கலாம் பார். புள்ளி விழுந்த காகிதம் கட்டின் அடிக்குப் போய்விடும்.

கேஷ் கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். நாலு வருஷத்தில் ஒரு ரூபாய் கணக்குப் பிசகியதில்லை. ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுத்தால் குற்றம், சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே அவளாக எழுதிக் கொடுத்தால்? நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று வந்த இடத்தில் நிறுத்தி, "சார், இதுக்கு எந்த ண போடணும்?" என்று கேட்டாள். மூணு சுழிம்மா என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேங்க்ஸ் சார் என்று போனாள்.

உனக்கு இதைச் சொன்னதே இல்லை. சொன்னால் கோயம்புத்தூரிலிருந்தே செருப்பை எறிவாய் என்று தெரியும்.

இதில் என்னைக் குடைவது இன்னொன்று. என் மகளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கப்பலூர் சிட்கோவில் சின்னக் கம்பெனி, சம்பளம் 21,000-க்குள், அதனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. அவளுடைய 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுத்துவிடுகிறது. முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் நூற்றுக்கு மூணேகால் ரூபாய் கட்டுவதோடு சரி, ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான். அவர் ஸ்வீட் பெட்டியோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் நிதி நிறுவனத்தில் கவுண்டர் பெண்களின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த 26 வாரமும் முதலாளியின் பையிலிருந்து போக வேண்டும். என் பென்சிலுக்கு வேலை வந்தது அங்கேதான்.

இந்தச் சுமையில் பெரும் பங்கை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்று 1928-லேயே பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் பேசினார் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! உன் தொழிற்சங்கக் கூட்டப் பேச்சு என்று காதில் வாங்காமல் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் எம்.பி. சுப்ரியா சுலே தகப்பனுக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பேப்பரில் படித்த அன்று சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவருவது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி 14 தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-ல். இதே மாதிரி 2017-ல் ராஜீவ் சாதவ் என்ற எம்.பி. கொண்டுவந்ததும் சட்டமாகவில்லை. போன நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன, அதிலும் தகப்பன் என்ற பேச்சே கிடையாது. மத்திய அரசு ஊழியனுக்கு 15 நாள் உண்டு. ஷோரூம்காரனுக்கு மேனேஜரின் சிரிப்புதான்.

இப்போது அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். ஆணுக்கும் விடுப்பு என்றால் எந்தக் காகிதத்தில் புள்ளி வைப்பேன்? எல்லாவற்றிலும் வைக்க வேண்டி வரும், பிறகு யாரைத்தான் வேலைக்கு எடுப்பது? அதற்காகவே இந்த மசோதா வரட்டும் என்கிறேன். ஆனால் செலவை மறுபடியும் முதலாளி தலையில் கட்டினால் என்னைப் போல ஒருவன் வேறு வழி கண்டுபிடித்துவிடுவான். இதில் என் பேச்சை நம்பு, நாங்கள் கெட்டிக்காரர்கள். இ.எஸ்.ஐ. மாதிரி பொதுவாக ஒரு நிதி வைத்து, வரம்பு பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்க முடியாதா? சங்கத்தில் இருந்தவன் நீ, கணக்குப் போட்டுச் சொல்.

விடுப்பே இல்லாதவர்கள் கதி என்ன என்று உடனே மடக்குவாய். தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் அம்மாவின் மருமகள் பூக் கட்டுகிறவள், நிறைமாதம் வரை கட்டினாளாம். கர்ப்பிணிகளுக்கு அரசு உதவி தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 உண்டே என்றேன். "பெட்டி குடுத்தாங்க, மிச்சம் தவணை தவணையா வருது சார், ஆனா பூ தினமும்ல வருது" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அந்த கேஷ் கவுண்டர் பெண்ணைத் தேடிப் பார்க்கலாமா என்று இருக்கிறது. கண்டுபிடித்து என்ன சொல்வது? நீ எத்தனை மேனேஜர்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசியிருப்பாய். ரிட்டயர் ஆனபிறகு எவனாவது இப்படி உன்னிடம் வந்திருக்கிறானா? வந்து என்ன சொன்னான்? ஒளிக்காமல் எழுது, பங்காளி.

15-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிறோம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு. பெட்டி நிறைய பிஸ்கட் வாங்கி வராதே, போன தடவை வாங்கியதே எறும்புக்குத்தான் ஆனது. சுந்தரத்திடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

பிள்ளை அழுகிறான். மாப்பிள்ளை வர எட்டரை ஆகும், இவள் அடுப்பில் பூண்டு வதக்கிக்கொண்டிருக்கிறாள். நான்தான் எழுந்து போக வேண்டும்.

உன்,
ராமு