தை பிறக்குமுன் அம்மாவுக்கு

துரொம்சோ, நோர்வே
கார்த்திகை மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் இங்கு நலமாக இருக்கிறோம். உங்களதும் அப்பாவினதும் சுகத்துக்கும், தங்கச்சியின் காரியம் நல்லபடி ஒப்பேறுவதற்கும் நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. தொலைபேசியில் என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்பதில்லை என்று தெரிந்தும் இவ்வளவு காலம் எழுதாமல் இருந்துவிட்டேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூடக் குறை சொல்லாததைக் கண்டதும் மற்ற வேலைகளை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

சின்னக்கா வட்ஸ்அப்பில் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, யன்னல் நிறையத் தொங்கும் கடதாசி வேலைப்பாடுகளை நான் வெட்டினேனா, மெசின் வெட்டியதா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டியது மெசின், மடித்ததும் பின்னியதும் ஒட்டியதும் நான். மெசின் எங்களுடையதும் அல்ல, ஆகவே வீண் செலவென்று அப்பா யோசிக்க வேண்டாம். அது கீழ்வீட்டு அம்மாவுடையது.

கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். கணவர் கடலோடியாக இருந்து காலமானவர், மகன் தெற்கே தூரப் பட்டணத்தில். அதிகம் பேச மாட்டார். எங்கள் கதவு மணியை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு, கொண்டுவந்த பொருளைக் கைபிடியில் தொங்கவிட்டுப் போய்விடுவார். ஆனால் யன்னல் விடயத்தில் அவரைப் போல் கண்டிப்பானவரை நான் கண்டதில்லை. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாவது வந்தால் யன்னலில் நட்சத்திரம் தொங்க வேண்டும். ஜனவரி 13 இல், அதாவது நத்தாரின் இருபதாம் நாளில், ஒரு துண்டு மிஞ்சாமல் இறக்கிவிட வேண்டும். உயிர்த்த ஞாயிறு காலத்துக்கு மஞ்சள் நிறக் கோழிக்குஞ்சுகள், மே 17 க்குத் தேசியக் கொடித் தோரணம். 1814 இல் இந்த நாட்டின் அரசியலமைப்பு கைச்சாத்தான நாள் அது. பிள்ளைகள் எல்லோரும் கொடியோடு ஊர்வலம் போவார்கள். இறக்கியவற்றையும் அவர் எறிவதில்லை. பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையே வைத்து, சேட்டுப் பெட்டிகளில் அடுக்கி, மேலே ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது வாதத்தால் அவருடைய விரல்கள் மடங்குவதில்லை, கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் மகன் இந்த மெசினை வாங்கி அனுப்பினார். அவருக்கோ கணினி பிடிக்காது. ஒரு நாள் மணி அடித்து, வழமைக்கு மாறாகப் போகாமல் நின்று, பெட்டியோடு மெசினை என்னிடம் தந்து, இனி உன் வீட்டிலேயே இருக்கட்டும், என் யன்னலுக்கும் நீயே செய்து தா என்றார். அன்றிலிருந்து இரண்டு வீட்டு யன்னல்களும் என் பொறுப்பு.

இங்கே இந்த யன்னல்களுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பது முதல் மாரியில்தான் எனக்கு விளங்கியது. நவம்பர் 27 அளவில் மறையும் சூரியன் ஜனவரி 15 அளவில்தான் மறுபடி அடிவானத்துக்கு மேல் வரும். நடுப்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் ஒன்று பரவும். மற்ற நேரமெல்லாம் இருள். குளிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. கடல் நீரோட்டம் சூட்டைக் கொண்டுவருவதால் துறைமுகம் உறைவதே இல்லை. பனிதான் அதிகம், 1997 ஏப்ரலில் இந்த ஊரில் 2 மீற்றர் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பனி கிடந்ததாம். அப்படி வெளியே எல்லாம் ஒரே வெள்ளையும் கறுப்புமாக இருக்கும்போது, இன்றைக்கு எந்தக் காலம் நடக்கிறது என்பதைத் தெருவில் போகிறவர்களுக்குச் சொல்வது யன்னல்கள்தான்.

மெசினின் வேலையை விபரமாக எழுதச் சொன்னீர்கள். எங்கள் வீட்டுப் பாண் இரண்டை நீளவாக்கில் அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் பருமன். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வடிவத்தைக் கீறி அனுப்பினால், உள்ளே இருக்கும் ஊசிமுனை போன்ற பிளேட் அந்தக் கோட்டின் வழியே ஓடி வெட்டும். கடதாசியை 12 அங்குலச் சதுரமான ஒட்டும் பாய் ஒன்றில் காற்றுப் புகாமல் அழுத்தி ஒட்டி உள்ளே செலுத்த வேண்டும். கடதாசிக்கு ஏற்றபடி அழுத்தத்தை மாற்ற வேண்டும்: நாம் எழுதும் 80 கிராம் தாளுக்குக் குறைவாக, வாழ்த்து அட்டைக்குரிய 200 கிராம் மட்டைக்குக் கூடுதலாக. ஒவ்வொரு புது மட்டைக்கும் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டிப் பார்த்த பிறகே பெரிய வேலையைத் தொடங்குவேன். வெட்டி முடிந்ததும் கடதாசியைப் பிடித்து இழுத்தால் அது சுருண்டுவிடும்; பாயைக் கவிழ்த்து வைத்து, பாயைத்தான் வளைத்து உரிக்க வேண்டும். மடிக்க வேண்டிய இடத்தில் மொட்டை முனையால் முதலில் கோடு போட்டுக்கொள்வேன். நீங்கள் சத்தகக் கத்தியின் முதுகால் ஓலையில் கோடு போட்டு மடிப்பதைப் பார்த்தவளுக்கு அதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுப்புச் சூட்டால் இங்கே வீட்டுக்குள் காற்று மிகவும் உலர்ந்தது, கோடு போடாமல் மடித்தால் மட்டை வெடிக்கும்.

பனிப்பூ வெட்டும்போது கீழ்வீட்டு அம்மா இதழ்களை எண்ணிப் பார்ப்பார். உண்மையான பனித்துகள் ஆறு முனையோடுதான் உருவாகும், எட்டு முனைப் பூவை அவர் தன் யன்னலில் ஏற்றவே மாட்டார். அவர் சொல்வது சரி. சின்னவளின் கறுப்புக் கையுறையில் விழுந்த துகளைப் பார்த்தேன், ஆறுதான்.

இனி உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. இந்த நாட்டு மக்கள் நத்தார் மரத்தில் கடதாசியால் பின்னிய இதயக் கூடை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் முந்திரிகை வற்றலும் இனிப்பும் போடுவார்கள். டென்மார்க் நாட்டுக் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1860 இல் செய்த ஒன்றுதான் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது என்கிறார்கள். நாங்கள் செய்யும் கூடைக்குச் சிவப்பு, வெள்ளை என இரண்டு துண்டுகள். விரித்துப் பார்த்தால் நீளத் துண்டின் இரு முனையும் அரைவட்டம், நடுவில் சமமான கீற்றுகள். மெசின் அந்தக் கீற்றுகளை மயிரளவும் பிசகாமல் கீறித் தரும். கீற்றின் நீளம் பின்னலின் அகலத்தைவிடச் சற்றுக் கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசிக் கீற்று நுழையும்போது கிழியும். இரண்டையும் மடித்துவிட்டு, ஒரு கீற்றை மற்றதன் உள்ளே நுழைத்து, அடுத்ததை இதன் உள்ளே வாங்கி, மாறி மாறிப் பின்ன வேண்டும். அப்போதுதான் அது பெட்டியாகத் திறக்கும். பாய் பின்னுவது போல மேலும் கீழுமாகப் பின்னினால் திறக்காது. கீழ்வீட்டு அம்மா முதல் இரண்டு கீற்றைக் காட்டினார். மிச்சத்தை என் விரல்கள் தாமாகவே செய்தன. அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாரிடம் படித்தாய் என்று கேட்டார். என் அம்மா பனையோலையில் நீத்துப்பெட்டியும் கடகமும் பின்னுவார் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் உங்களைப் பற்றித்தான்: ஓலையை எப்படி வார்வது, சாயம் எப்படி ஊட்டுவது, பெட்டிக்குள் ஆவி எப்படி ஏறிப் பிட்டு அவிகிறது என்றெல்லாம்.

பெட்டி மூலை மடிப்பை இந்தக் கடதாசியில் செய்து பார்க்க வேண்டுமென்று நேற்று இரவு ஆசைப்பட்டேன். நான்காவது மூலையில் எந்த ஓலை மேலே வரும் என்பது நினைவுக்கு வரவில்லை. விறாந்தைப் பக்கம் திரும்பி, “அம்மா, இதை எப்படி மடிக்கிறது?” என்று கேட்கிற மாதிரியே தலையைத் திருப்பினேன். திரும்பிய பக்கத்தில் சுவர்தான் இருந்தது. அம்மா, அப்போது எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் மெசினை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தேன். அந்த மூலை மடிப்பை ஒரு சின்ன ஓலையில் செய்து அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புவீர்களா? பிரித்துப் பார்த்துப் பழகிக்கொள்வேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு இங்கே படலையில் வாழைக்குற்றி நடவோ, பந்தம் கொளுத்தவோ வழியில்லை. ஒளி ஊடுருவும் எண்ணெய்த்தாள் போன்ற கடதாசியில் சிட்டி விளக்கு வடிவம் வெட்டி, உள்ளே பற்றரி விளக்கு வைத்து யன்னலில் வரிசையாக அடுக்கினேன். கடதாசிக் கூட்டுக்குள் உண்மையான சுடர் வைப்பது ஆபத்து. கீழ்வீட்டு அம்மா வெளியே பனியில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு வரிசை கேட்டார்.

பொங்கலுக்கு அவருடைய யன்னல் வெறுமையாக இருக்கும், பதின்மூன்றாம் திகதியோடு நத்தார்ச் சோடனை இறங்கிவிடுமே. இந்த ஊரில் மலைகள் மறைப்பதால் சூரியனை ஜனவரி 21 இல்தான் வரவேற்பார்கள். அன்று பாடசாலைகளில் கொண்டாட்டம், உள்ளே ஜாம் வைத்த பணிஸ் எல்லோருக்கும் உண்டு. தை முதலாம் நாள் நாம் சூரியனுக்குப் பொங்குவோம் என்று சொன்னதும், அப்படியானால் அன்றிலிருந்து 21 வரை இரண்டு யன்னலிலும் ஒரே சூரியன் இருக்கட்டும் என்று முடிவு சொல்லிவிட்டார். அதன் மாதிரி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கூடவே “பொங்கல் வாழ்த்துகள்” என்ற எழுத்துத் தோரணமும் இருக்கிறது. தமிழ் எழுத்தை வெட்டுவது இலேசல்ல. ஆங்கில எழுத்து பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். எங்கள் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் அரவும் தனித்தனியே கழன்றுவிடும் என்பதால் கீழே ஒரு பட்டி வைத்து எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஐந்து புள்ளிகளும் தனியாக ஒரு சின்ன உறைக்குள் இருக்கின்றன. கோதுமைமாப் பசையைத் தண்ணியாகக் காய்ச்சாமல் இறுக்கமாகக் காய்ச்சி ஒட்டுங்கள். மாரி ஈரத்தில் கடதாசி நெளியும், ஆகவே பொங்கல் அன்று காலைவரை அப்பாவின் தடித்த புத்தகம் ஒன்றுக்குள் வைத்திருங்கள். முற்றத்தில் கட்ட வேண்டாம், விறாந்தை வளையில் கட்டினால் போதும்.

இவருக்கு மீன் தொழிற்சாலையில் இப்போது வேலை நேரம் கொஞ்சம் குறைவு. தை பிறந்து பெரிய கொட் மீன் கரைக்கு வரத் தொடங்கினால் மறுபடி முழு நேரம் கிடைக்கும். இடையில் மாலை வேளைகளில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை கிடைத்திருப்பது நல்லதாயிற்று. நானும் தேவாலய மண்டபச் சந்தையில் இதயக் கூடைகளும் அட்டைகளும் வைத்தேன், எல்லாம் விற்றுப்போய்விட்டன. வீட்டுக்கு அனுப்புவதை இம்முறை தையில் சேர்த்து அனுப்புகிறேன், அதுவரை சமாளித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியின் சாதகம் பொருந்தியிருக்கிறது என்று எழுதியதை வாசித்ததும் மனம் நிறைந்தது. வீட்டு வளவில் என் பங்கை அவளுக்கே எழுதுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. இவரும் சம்மதம் என்றுதான் சொல்கிறார். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பதை நொத்தாரிசிடம் நினைவுபடுத்துங்கள். எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை எங்கள் நாட்டுத் தூதரகத்தில்தான் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அங்கே போக இவருக்கு உடனே லீவு கிடைக்காது, மாசிக்குள் முடித்துவிடுவோம். வடலியடி மாமி தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போகிறார் என்பது உண்மையானால், பங்காளிகளான எங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதை ஆசைமாமாவைக் கொண்டு பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் காணி உறுதிப் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே வேலியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன் அப்பா அவர்களோடு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கலியாணத்துக்குப் பலகாரப் பெட்டிகளை நான் இங்கிருந்தே வெட்டி அனுப்புகிறேன். ஒட்டாமல் தட்டையாக அனுப்பினால் தபால் பாரம் குறையும். மடிப்புக் கோடு போட்டிருப்பதால் சின்னக்காவின் பிள்ளைகள் மடித்துவிடுவார்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு பயிற்றம் பணியாரமும் ஒரு சீனி அரியதரமும் வைப்பதென்றால் நீளம், அகலம், உயரம் எவ்வளவு வேண்டும் என்று அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எந்த நிறம் விருப்பம் என்றும் கேளுங்கள். மணவறைச் சோடனைக்கு றெஜிபோம் வெட்டும் அண்ணரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பங்குனியில் அவரைப் பிடிக்க முடியாது. எத்தனை பெட்டி என்ற கணக்கையும் உறுதியின் இலக்கத்தையும் பதிலில் மறக்காமல் எழுதிவிடுங்கள், மட்டை வாங்குவதற்கு எனக்கு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்