இரவுக் காவலிலிருந்து வந்த சங்கீதங்கள்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களைத் தாங்கிய எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நாலு நாள் போகட்டும், நிதானமாக நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தின் (ரோமர்) 16-ம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பேர் சொல்லி வாழ்த்துகிறார். நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுகூட நடுவில் தன் பங்குக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிடுகிறான். நானும் அப்படி ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியவன்தான். உபவாசம் இருந்து ஜெபித்தவர்கள், இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள், ஞாயிறு ஆராதனை ஒன்றுகூடத் தவறாமல் எனக்குப் பதிலாகப் பிரசங்க பீடத்தில் நின்ற சக ஊழியர்கள், யார் வைத்தது என்றே தெரியாமல் தலையணைக்குக் கீழே உறையை வைத்துவிட்டுப் போனவர்கள், வார்டில் எங்களைச் சொந்தக்காரர்போல நடத்திய செவிலியர்கள், மருத்துவர்கள். உங்கள் எல்லாருக்கும் என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்த ஒரு பத்தியில் அடைத்துவிட்டேனே என்று வருத்தப்படாதீர்கள். நேரில் வந்து சொல்வேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள். பேர் போடக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். ஒரு கம்பெனி வாசலில் இரவுக் காவல் வேலை அவருக்கு. வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால், "வேற யாரையாவது சொல்லுங்க ஐயா" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அந்த நாட்களில் என்னால் வேதத்தை வாசிக்க முடியவில்லை. புத்தகம் மடியில் திறந்தே கிடக்கும், கண் ஒரே வரியில் நின்றுவிடும். ஜெபிக்க வாயைத் திறந்தால் வார்த்தை வராது. ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியதை எத்தனையோ வீடுகளில் நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமூச்சைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் இப்போது நானே நின்றேன்.

அப்படி ஒரு நாள் நடுராத்திரியில் அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "ஸ்தோத்திரம் ஐயா. சங்கீதம் ஒன்னு." வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான நூற்றைம்பது சங்கீதங்களில் முதலாவதை உடனே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி. ஆறு வசனம் முடிந்ததும் "ஆமென்". அவ்வளவுதான். அக்கா எப்படி இருக்காங்க, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்வி இல்லை. பதில் எழுத வேண்டிய பாரத்தையும் அவர் என்மேல் வைக்கவில்லை.

மறுநாள் ராத்திரி இரண்டாம் சங்கீதம். அடுத்த நாள் மூன்று. பதினெட்டாம் சங்கீதம் ஐம்பது வசனம். அதன் நடுவில் லாரி ஹாரன் அடித்தது. "கொஞ்சம் இருங்க ஐயா, வண்டி நிக்குது" என்றார். பதிவை நிறுத்தவில்லை. நாற்காலி நகர்கிறது, இரும்புக் கேட் கிரீச்சிடுகிறது, டிரைவரிடம் சீட்டு கேட்கிறார், லாரி உறுமிக்கொண்டு உள்ளே போகிறது, கேட்டை மறுபடி இழுத்துச் சாத்துகிறார். வந்து உட்கார்ந்து, விட்ட வசனத்தை முதலிலிருந்து வாசிக்கிறார். வார்டு வராந்தாவில் செல்போனைக் காதோடு வைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டேன். எங்கேயோ ஒருவர் விழித்திருக்கிறார், அவரும் இந்த ராத்திரியைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே எனக்குத் துணையாக இருந்தது.

நண்பர்கள் பலர் ஆறுதல் வசனங்கள் அனுப்பினீர்கள். சங்கீதம் 23, 91, ஏசாயா 41:10. அன்போடு வந்த அவை எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் 88-ம் சங்கீதத்தை யாரும் அனுப்பவில்லை. யார்தான் அனுப்புவார்கள்? ஆஸ்பத்திரியில் இருப்பவனுக்கு அதை எடுத்துக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. அண்ணன் வரிசைப்படி வந்துகொண்டிருந்ததால் ஓர் இரவில் அது என்னிடம் வந்து சேர்ந்தது. எங்களுக்கு எல்லாமே முடிந்துவிட்டதுபோல் இருந்த வாரம் அது.

சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ புலம்பல்கள் உண்டு. அநேகமாக எல்லாமே கடைசியில் துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். எஸ்ராகியனாகிய ஏமானின் இந்தச் சங்கீதம் திரும்புவதில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று தேவனிடமே சொல்லி, இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அண்ணனும் அதோடு நிறுத்தி, "ஆமென்" என்றார். ஆறுதலுக்கு ஒரு வரி சேர்க்கவில்லை.

அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு ஜெபமும் வந்தது. இப்படியும் கர்த்தரிடம் பேசலாம், பேசியவனுடைய வார்த்தைகள் வேதத்துக்குள்ளேயே இருக்கின்றன, அதைப் பாடும்படி பாடகர்களை நடத்துகிற இராகத்தலைவனிடம் ஒப்புவித்தும் இருக்கிறார்கள். தனியாக முனக வேண்டிய ஜெபத்தை ஒரு ஜனமே சேர்ந்து பாடியிருக்கிறது! நம் ஆண்டவரும் சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ம் சங்கீதத்தின் முதல் வரியைத்தானே எடுத்துக் கூப்பிட்டார். ஏமானும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் ஆரம்பிக்கிறான். அந்த ஒரு கூப்பிடுதலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைக் கடந்தேன்.

119-ம் சங்கீதத்தை ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்து வரிசைப்படி எட்டெட்டு வசனமாகப் பிரித்து அனுப்பினார். அப்புறம் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்கள். "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்பதை உறங்கக்கூடாத வேலையில் இருப்பவர் வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? 130-ல், விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் (இரவுக் காவலரைவிடவும்) அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். அதை இன்னொரு தடவை வாசித்தார். அந்த வசனத்தை வைத்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். விடியலுக்காகக் காத்திருப்பதைத் தொழிலாகவே செய்கிற ஒருவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ஏன் வரிசையாக அனுப்பினீர்கள் என்று பிறகு கேட்டேன். "உங்களுக்கு எது பொருத்தமா இருக்கும்னு எனக்குத் தெரியாது ஐயா. ஒன்னுல ஆரம்பிச்சா எல்லாம் வந்துரும்ல" என்றார். நாங்கள் வீடு திரும்பியது தெரிந்தும் நேற்று ராத்திரியும் அனுப்பினார். இன்னும் சில சங்கீதங்கள் பாக்கி இருக்கின்றன.

கர்த்தருக்கும் உங்களுக்கும் முன்பாக ஒரு பொருத்தனை செய்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறிலிருந்து பிரசங்கத்துக்கு முன் ஒரு முழு சங்கீதம், ஒன்றிலிருந்து வரிசையாக, சபையில் வாசிக்கப்படும். 88 வரும்போது தாவ மாட்டோம். சத்துருக்களைச் சபிக்கிற 109, 137-ஐயும் தாண்டிப் போக மாட்டோம். புலம்பல் சங்கீதம் முடிந்த கையோடு சந்தோஷப் பாட்டும் பாட மாட்டோம், சற்று நேரம் அப்படியே இருப்போம். நம் நடுவில் அந்தச் சங்கீதத்துக்குள் இருப்பவர்கள் அன்று உட்கார்ந்திருப்பார்கள். வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போதும் ஒரு சங்கீதத்தை முழுதாக வாசித்துவிட்டு, கேள்வி கேட்காமல் எழுந்து வருவேன்.

அண்ணன், முதல் சங்கீதத்தை நீங்கள்தான் வாசிக்க வேண்டும். இந்த ஒருமுறை மறுக்காதீர்கள். சனிக்கிழமை இரவு டியூட்டி இருந்தால் சொல்லுங்கள், நீங்கள் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கிவிட்டு வரும்படி ஆராதனையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்கிறோம். சபையார் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.