ஒரு பற்றரி கொதிக்கிறது, மற்றது பட்டினி கிடக்கிறது

முகாமையாளர் அவர்களுக்கு,
பற்றரி விற்பனை மற்றும் திருத்தப் பிரிவு,
பஞ்சிகாவத்தைக் கிளை, கொழும்பு 10.

ஏப்ரல் 2

விடயம்: வாரண்டி மறுக்கப்பட்ட இரண்டு லொறி பற்றரிகள்

ஐயா,

ஜனவரி 17ஆம் திகதி உங்கள் கிளையில் என் லொறிக்கு 70 அம்பியர்-அவர் பற்றரி இரண்டு வாங்கினேன். இரண்டுக்கும் 84,000 ரூபா. பில், வாரண்டி அட்டைப் பிரதிகளை இணைத்திருக்கிறேன். லொறி 1995ஆம் ஆண்டு இசுசு எல்ஃப், 24 வோல்ட்; 12 வோல்ட் பற்றரி இரண்டை ஒரே வரிசையில் தொடுத்துத்தான் அந்த 24 வருகிறது. பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டரை மாதத்தில் நான் எதைக் கேட்டாலும் உங்கள் ஆட்கள் முதலில் சொன்னது "பழைய வண்டிதானே அண்ணே" என்பதுதான். பற்றரி புதிது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பற்றரி பூட்டிய அன்றே, நான் வாங்கிவந்த ரேடியோவையும் ரிவர்ஸ் கேமரா திரையையும் உங்கள் எலக்ட்ரீசியனே பூட்டித் தந்தார். அதற்கு 3,500 ரூபா தனியாக பில்லில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

ஆறு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை அதிகாலை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் மூன்று லொறி ஹோர்ன் அடிக்க, மூட்டை தூக்கும் நாட்டாமிமார் ஆறு பேர் சேர்ந்து தள்ளித்தான் கிளப்பினோம். அன்றைக்கே உங்களிடம் கொண்டுவந்தேன். ஒரு பற்றரி 'வீக்' என்று அதை மட்டும் மாற்றினீர்கள். மார்ச் நடுவில் அதே கதை. இந்தமுறை, எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஓல்டர்னேட்டர் பிழை என்று கழற்றி பிரஷ், ரெகுலேட்டர் மாற்றி 31,000 ரூபா எடுத்தீர்கள். இந்த வண்டியில் பிரேக்குக்கான வெக்கும் பம்ப் ஓல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. திரும்பப் பூட்டியதும் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் தந்தார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் தடவை, போன வாரம், பற்றரிப் பெட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஒரு பற்றரியில் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்தது. உங்கள் கிளையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஓவர் சார்ஜ், பாவனையாளர் பிழை, வாரண்டி இல்லை." எஞ்சினை ஓடவிட்டு மீற்றரை வைத்தார்கள். 28 வோல்ட் காட்டியது. "சார்ஜிங் சரியாக இருக்கிறது" என்றார்கள். சார்ஜிங் சரியென்றால் ஓவர் சார்ஜ் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை.

பதில் மாளிகாவத்தையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கிடைத்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டையும் சேர்த்து அளந்தால் 28.0. அப்புறம் தனித்தனியாக மீற்றரை வைத்தார். ஒன்றில் 15.1, மற்றதில் 12.9. "தம்பி, ரெண்டு பேரையும் ஒண்ணா கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தனித்தனியா கேக்கணும்" என்று சொல்லிவிட்டு வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது ரேடியோவில் போய் முடிந்தது.

24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ரேடியோவுக்கு, 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் ஒன்று போடவேண்டும். உங்கள் எலக்ட்ரீசியன் அதைப் போடாமல், லொறியின் இரும்பு உடலோடு எர்த் ஆகும் பற்றரி ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்திருக்கிறார். ரேடியோவும் திரையும் அந்த ஒன்றைத்தான் குடிக்கின்றன. ஓல்டர்னேட்டருக்கோ இரண்டும் ஒரே வரிசை. மொத்தம் 28 வந்ததும் தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடும். அதனால் ஒன்று நிரம்பாமலே கிடக்கிறது, மற்றது அளவுக்கு மேல் வாங்கிக் கொதிக்கிறது. போதாததற்குத் திரையின் வயர் சாவிக்கு வராமல் நேராக வந்திருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் 0.4 அம்பியர் போய்க்கொண்டிருந்தது. சனி மத்தியானம் இரண்டு மணிக்கு நிறுத்தி திங்கள் விடிய மூன்று மணிக்கு எடுத்தால் 37 மணித்தியாலம், கிட்டத்தட்ட 15 அம்பியர்-அவர். நிறைந்த பற்றரிக்கு அது பெரிய விடயமல்ல. அரைவயிற்றில் கிடப்பதற்கு? ஏன் எப்போதும் திங்கட்கிழமையே கிளம்பவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

ஒரே வரிசையில் இருக்கும் சோடியில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றியதும் நிலைமையைக் கெடுத்தது. அதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் இருக்கமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

நான் கேட்பது: ஒரே தொகுதியில் வந்த புதுப் பற்றரி ஒரு சோடி, தேவையில்லாமல் செய்த ஓல்டர்னேட்டர் வேலைக்கான 31,000 ரூபா, ரேடியோ வேலைக்கு எடுத்த 3,500. கன்வேட்டரை நானே வாங்கிப் போட்டுவிட்டேன், அதைக் கேட்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடவேண்டும். எனக்கு ஏப்ரல் 17 வரை நேரம் இருக்கிறது. இடையில் புத்தாண்டு விடுமுறை வருவதால் 9ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் 10ஆம் திகதி இதே கடிதம் அங்கே போகும்.

லொறியைப் பார்க்கவேண்டுமென்றால் பின்னேரத்தில் கொண்டுவருகிறேன். காலையில் முடியாது, தள்ள ஆள் தேடவேண்டும்.

இப்படிக்கு,
லொறி உரிமையாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.