யூதப் பள்ளியில் வேலைக்குச் சேரும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வடக்கு லண்டனில் ஒரு யூத ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ எழுதியதைப் பார்த்து மனம் நிறைந்தது. "அக்கா, நாம் சைவக் குடும்பம், அவர்கள் மதத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, சமாளிப்பேனா?" என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகச் சமாளிப்பாய். இந்தப் பள்ளிகளில் யூதரல்லாத ஊழியர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் பல வருடங்களாக இருக்கிறேன். உன்னைப் போலவே தயங்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. கோஷர், அதாவது யூத உணவு விதி, என்றால் பன்றிக்கறி இல்லை என்பதோடு முடிந்துவிடாது. இறைச்சியும் பாலும் சேரவே கூடாது, பாத்திரம்கூடத் தனித்தனி. ஊழியர்கள் கொண்டுவரும் சாப்பாட்டுக்கும் விதி உண்டு, அது பள்ளிக்குப் பள்ளி மாறும். இட்லியே ஆனாலும் கேட்டுவிட்டுக் கொண்டுபோ. நன்றாக வாசித்த பிள்ளைக்குப் பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டிவிடாதே, பல மிட்டாய்களில் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். ஸ்டிக்கர் போதும்.

காலையில் பிரார்த்தனை. 'ஷெமா' என்ற, கடவுள் ஒருவரே என்று சொல்லும் பிரார்த்தனையின்போது வலது கையால் கண்ணை மூடிக்கொள்வார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் விரல் இடுக்கு வழியாக உன்னைப் பார்ப்பார்கள். அதட்டாதே, வார்த்தை ஒன்றுகூடத் தப்பாமல் வந்துகொண்டுதான் இருக்கும்.

அப்புறம் எழுத்து. ஹீப்ருவில் 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக ஓடும். உயிரொலிகளைக் காட்டப் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் சின்னச் சின்னப் புள்ளியும் கோடும் இருக்கும். பிள்ளையின் விரல் அந்தப் புள்ளிகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று நகரும்போது அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. கொஞ்சம் வாசிக்க வந்ததும், ஆறு வயது வாக்கில், பல பள்ளிகளில் ஒரு விழா வைத்து 'சித்தூர்' என்ற பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். மேலட்டையைப் பெற்றோரே அலங்கரித்திருப்பார்கள். அது கீழே விழுந்தால் பிள்ளை எடுத்து முத்தம் கொடுக்கும். புத்தகத்தில் கால் பட்டால் நாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் போலத்தான்.

கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது. அதற்கென்று பெட்டி இருக்கும், சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவில் ஒரு பழைய ஜெபக்கூடத்தின் அறையில் இப்படியே சேர்ந்த தாள்களில் பெரும்பகுதியை 1897-இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் சிறுவர்கள் அகரவரிசை படித்த ஏடுகளும் அவற்றில் இருக்கின்றன. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

உன் வேலையும் பழையதுதான். சுமார் 1,500 வருடங்களுக்கு முன் தொகுக்கப்பட்ட தால்முத் என்ற யூதச் சட்ட விளக்க நூலில் வகுப்புக் கணக்கே இருக்கிறது: 25 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், 50 என்றால் இருவர், 40 என்றால் ஆசிரியருக்கு ஒரு உதவியாளர், அதில் ஊரும் கைகொடுக்க வேண்டும் என்று.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கேள்விகளைப் பற்றி. அவர்களின் வேதமான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து ஒரு வருடத்தில் வாசித்து முடிப்பார்கள். அந்த வாரப் பகுதியை வகுப்பில் கதையாகச் சொல்வார்கள். யாக்கோபு தன் பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் அழகான அங்கி கொடுத்தார் என்றதும் ஒரு சின்னப் பெண் எழுந்து, "அந்த அப்பா செய்தது தப்பு" என்பாள். பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசாதே என்று யாரும் வாயை அடைக்க மாட்டார்கள். தால்முதும் இந்த அங்கியைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை செய்யாதே என்கிறது என்பார் ஆசிரியர். அவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்! மதப் பள்ளியில் பிள்ளைகள் தலையாட்டத்தான் கற்பார்கள் என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் வீட்டின் கடைக்குட்டிதான் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும், அதற்கு வகுப்பில் வாரக்கணக்கில் பயிற்சி நடக்கும். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயே பேச்சைத் தொடங்கிவை என்று அந்த இரவின் நூலே சொல்கிறது. உன் மேசையிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதன் பக்கத்தில் உட்கார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பிடித்த நாள். ஒரு சிறுமி அம்மாவாக, ஒரு சிறுவன் அப்பாவாக உட்கார, மெழுகுவர்த்தி, திராட்சைச் சாறு, பின்னல் ரொட்டி என்று வகுப்பே ஷப்பாத்தை, அதாவது வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கும் ஓய்வு நாளை, வரவேற்கும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் பள்ளியும் சீக்கிரம் முடியும்.

வாசலில் காவலர் நிற்பார், உள்ளே போக அடையாள அட்டை வேண்டும். ஆரம்பப் பள்ளிக்கு இது தேவைப்படுவது எனக்கு இன்றும் வலிக்கிறது. பயப்படாதே, ஆனால் அந்த விதிகளை ஒருநாளும் அலட்சியம் செய்யாதே.

செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும், பள்ளி பல நாள் மூடியிருக்கும். விடுமுறைப் பட்டியலை இப்போதே வாங்கிக்கொள். தீபாவளிக்கு லீவு வேண்டுமென்றால் தயங்காமல் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேள். பண்டிகைக்காக வேலையை நிறுத்துவதை அவர்களுக்கு நீ விளக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
அக்கா